திருவுளம் என்று யார் சொல்வது?

பிள்ளை பிறக்கவில்லை என்றால் கடவுள் சித்தம். பிறந்த பிள்ளை தங்கவில்லை என்றாலும் கடவுள் சித்தம். கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று சபையில் மூத்த அம்மா ஒருவரிடம் அழுதால், "பொறுத்துக்கோம்மா, ஆண்டவர் ஏதாவது திட்டம் வச்சிருப்பார்" என்று தலையில் கைவைத்து ஜெபிப்பார். கிடைத்த வேலையை விட்டுவிட்டுப் படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பார்க்க வரவேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். தயங்குகிற பெண்ணிடம், "ஜெபத்தில் வைத்து தேவசித்தம் அறிந்துகொள்" என்பார்கள். அவள் என்ன அறிந்துகொள்ள வேண்டும் என்பது, அவள் முழங்காலில் நிற்பதற்கு முன்பே பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்த பெண்களுக்கு இந்தச் சொல் அந்நியமல்ல. ஆண்களுக்கும் இது சொல்லப்படுகிறது. சொல்லப்படும் சந்தர்ப்பங்கள்தாம் வேறு. மகனுக்கு வேலை கிடைக்காவிட்டால் சிபாரிசுக் கடிதத்துக்காக ஆயர் இல்லம்வரை அலைகிறோம். மகளுக்கு அடி விழுந்தால் உபவாச ஜெபத்துக்கு நாள் குறிக்கிறோம். ஒரே கடவுள், ஒரே நம்பிக்கை. மகன் விஷயத்தில் மனித முயற்சிக்கு இருக்கிற இடம் மகள் விஷயத்தில் ஏன் இல்லாமல் போகிறது?

இதைப் பார்த்துச் சலித்த பெண்களில் பலர், கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தல் என்ற எண்ணத்தையே தூக்கி எறிந்துவிட்டார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனாலும் எறிந்த கையோடு வேறொன்றும் போய்விடுகிறது என்று நினைக்கிறேன். திருவுளத்தை நம்பி வாழ்ந்த பெண்களின் வரலாறு பணிந்துபோன பெண்களின் வரலாறு மட்டுமல்ல. அந்த வரலாற்றின் ஒரு பக்கம் ஏற்காட்டில், நாம் விடுமுறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மலையில், ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னணியாக இருக்கிறது.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையின் இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்து விளக்குகளைப் பார்ப்பார்கள், சேர்வராயன் குகைக் கோயிலுக்குப் போவார்கள். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கிறிஸ்தவப் பள்ளிகளும் துறவு இல்லங்களும் இங்கே நிறைய. அவற்றில் ஒன்று திருஇருதயப் பெண்கள் பள்ளி. 1890களிலிருந்து அதை நடத்தி வருபவர்கள் புனித சூசையப்பர் குளூனி சபைக் கன்னியர். அவர்கள் தமிழ்நிலத்துக்கு வந்தது அதற்கும் முன்பு, 1827இல், புதுச்சேரிக்கு. அந்தச் சபையின் தாரக வாக்கியமே இறைவனின் திருவுளம் என்பதுதான். சபையை நிறுவிய பெண் ஓயாமல் உச்சரித்த வார்த்தை அது.

அந்த வார்த்தையைக் கேட்டதும், தலை குனிந்து கை கட்டி நிற்கும் ஒரு கன்னியாஸ்திரியின் உருவம் நம் மனத்தில் வரும். ஆன் மரி ஜவுஹேயின் வாழ்க்கை அந்த உருவத்துக்குப் பொருந்தாது.

அவர் 1779இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், வசதியான விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் குருக்கள் ஒளிந்து வாழ்ந்தபோது, அவர்களை மறைத்து வைக்க உதவிய சிறுமி அவர். ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தார். 1798இல், பத்தொன்பது வயதில், தன்னைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தந்தை சொல்லே கடவுள் சொல் என்று அந்தக் காலத்துப் பெண்ணுக்கும் கற்பித்திருப்பார்கள். அவர் தந்தையை எதிர்த்துக் கூச்சலிடவும் இல்லை, தன் தீர்மானத்தை விடவும் இல்லை. கடைசியில் அந்தத் தந்தையே மகளின் பணிக்குப் பணம் கொடுத்தார்.

அதன் பிறகும் பாதை உடனே தெளியவில்லை. பெசான்சோன் நகரத்தில் ஒரு மடத்தில் சேர்ந்தார், வெளியே வந்தார். அங்கே இருந்தபோது பல நிறத்துப் பிள்ளைகள் தன்னைச் சூழ்ந்து நிற்கக் கண்டதாகப் பின்னாளில் சொன்னார். ஸ்விட்சர்லாந்து போனார், அங்கும் நிலைக்கவில்லை. பள்ளிகளைத் தொடங்கினார், பணமில்லாமல் மூடினார். 1807இல்தான் தன் மூன்று தங்கைகளையும் சேர்த்து ஒன்பது பெண்களாக வார்த்தைப்பாடு எடுத்துச் சபையைத் தொடங்க முடிந்தது. பத்தொன்பது வயதில் சொன்ன ஆம் என்ற சொல்லின் பொருளைக் கண்டுபிடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. திருவுளம் அவருக்கு ஒரே இரவில் கிடைத்த உத்தரவாக இல்லை. தேடியும் தவறியும் திரும்ப முயன்றும் அறியவேண்டியதாக இருந்தது.

இங்கே நம் மொழியில் உள்ள இரண்டு சொற்களைக் கவனிக்கலாம். கத்தோலிக்கர் 'திருவுளம்' என்கிறார்கள், சீர்திருத்த சபையினர் 'சித்தம்' என்கிறார்கள். இரண்டுமே உள்ளத்தைக் குறிக்கும் சொற்கள். கட்டளை, ஆணை, உத்தரவு என்றெல்லாம் வேறு சொற்கள் இருக்கும்போது, ஜெபத்தில் நாம் உள்ளத்தைத்தான் சொல்கிறோம். உத்தரவைத் தெரிந்துகொள்ள ஒரு தாள் போதும். ஒருவரின் உள்ளத்தை அறிய அவரோடு பழக வேண்டும். பழகுவதற்கு நாளாகும். அதை எனக்காக இன்னொருவர் செய்துவிட்டு முடிவை மட்டும் சொல்லி அனுப்ப முடியாது.

ஜவுஹேயின் சபை வேகமாக வளர்ந்தது. 1817இல் ரீயூனியன் தீவுக்கும், 1819இல் செனகலுக்கும் கன்னியர் போனார்கள். 1822இல் அவரே ஆப்பிரிக்கா போனார். 1828இல் தென்னமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவில், மானா என்ற காட்டுப் பகுதியில் ஒரு குடியிருப்பை நிறுவினார். கள்ளத்தனமாக அடிமை வாணிபம் செய்த கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை முழு விடுதலைக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பை பிரெஞ்சு அரசு அவரிடம் ஒப்படைத்தது. 1838 மே மாதம் அவர்களில் 185 பேர் விடுதலை பெற்றார்கள். பிரான்சின் காலனிகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1848இல். அவர் படிக்க வைத்த செனகல் இளைஞர் மூவர் 1840இல் குருக்களானார்கள். பிரெஞ்சு அரசர் லூயி பிலிப் அவரை ஒரு பெரிய ஆண்மகன் என்று வியந்ததாகச் சொல்வார்கள். ஒரு பெண்ணின் ஆற்றலைப் பாராட்டுவதற்கு அரசருக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சோதனை திருச்சபைக்குள்ளிருந்தே வந்தது. குளூனி நகரம் இருந்த ஓத்தன் மறைமாவட்டத்துக்கு 1829இல் தெரிகூர் என்பவர் ஆயரானார். உலகின் பல கண்டங்களில் பரவியிருந்த இந்தப் பெண்கள் சபைக்குத் தானே தலைவராக வேண்டும் என்று விரும்பினார். 1827இல் அங்கீகரிக்கப்பட்ட விதிகள் சபைக்கு ஏற்கெனவே இருந்தன. தலைமை அன்னைதான் சபையின் தலைவி. ஆயர் 1835இல் புதிய விதிகளை எழுதி, அதில் கையெழுத்திடும்படி ஜவுஹேயை நெருக்கினார். அவர் கையெழுத்திட்டார்.

பிறகு அந்தக் கையெழுத்தை மறுத்தார். நெருக்குதலில் வாங்கியது, தன் சபையினரைக் கலந்து பேசாமல் இட்டது, செல்லாது என்று நின்றார். இந்த இடத்தைப் பெண்கள் இருமுறை வாசிக்க வேண்டும். திருவுளத்துக்குத் தன்னை முழுவதும் கொடுத்துவிட்ட ஒரு பெண், தன்னிடமிருந்து பிடுங்கப்பட்ட ஒரு சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்று நினைத்தார். ஆயருக்கு முன் நடுங்கிப் போட்ட கையெழுத்தும், கடவுளுக்கு முன் மனமொப்பிச் சொன்ன ஆமும் அவருக்கு ஒன்றாகத் தெரியவில்லை. பயத்தில் பணிந்ததைப் பக்தி என்று பெயர் மாற்றிக்கொள்ளவும் அவர் சம்மதிக்கவில்லை.

அதற்கு அவர் கொடுத்த விலை சின்னதல்ல. மானாவில் இருந்தபோது, ஆயரோடு ஒத்துப்போகாதவர் என்ற காரணத்துக்காக அவருக்கு அருட்சாதனங்கள் மறுக்கப்பட்டன. எந்தக் குருவும் அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது. நற்கருணை கொடுக்கக் கூடாது. 1843இல் பிரான்சுக்குத் திரும்பும்வரை இந்தத் தடை நீடித்தது. தன் மகள்களைப் போன்ற கன்னியர் எழுந்து போய் நற்கருணை வாங்க, அறுபது வயது கடந்த தலைமை அன்னை தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இதன் கனம் உடனே பிடிபடாமல் போகலாம். ஊர்விலக்கம் என்பதை அறிந்தவர்களுக்குப் புரியும். அதோடு, அவர் உயிர்வாழ்ந்ததே அந்த அப்பத்தால் என்று நம்பியவர் அவர்.

பணிந்துவிட்டால் அன்றே அந்தத் தடை நீங்கியிருக்கும். அவர் பணியவில்லை. சபையை விட்டு வெளியேறவும் இல்லை. மானாவின் காடுகளில் தனியாக நடந்து, உம்மைத் தவிர எனக்கு யாருமில்லை என்று கடவுளிடம் பேசியதாக அந்த நாட்களைப் பிறகு நினைவுகூர்ந்தார். தன் வாழ்வின் மகிழ்ச்சியான காலம் அதுதான் என்றும் சொன்னார். 1851 ஜூலையில் ஆயர் இறந்த செய்தி வந்தபோது, அவரை நம் உபகாரிகளில் ஒருவராக எண்ண வேண்டும், எல்லாரும் நம்மைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது நம்மைச் சோதிக்கக் கடவுள் அவரைப் பயன்படுத்தினார் என்று தன் கன்னியருக்குச் சொன்னார். சில நாட்களில் அவரும் இறந்தார். 1950இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார். ஒரு காலத்தில் நற்கருணை மறுக்கப்பட்டவரின் படத்தைத் திருச்சபையே பீடத்தில் வைத்தது.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். ஆயரும் கடவுளின் பெயரைத்தான் சொன்னார், அன்னையும் கடவுளின் பெயரைத்தான் சொன்னார். தன் பிடிவாதத்துக்குத் திருவுளம் என்று பெயர் வைத்தவர் அவரா, இவரா? அடிக்கிற கணவனும் வேதாகமத்தைக் காட்டுகிறான், பிரிந்து வருகிற மனைவியும் வேதாகமத்தைக் காட்டுகிறாள் என்றால், வெளியிலிருந்து பார்க்கிற நாம் எதை வைத்துப் பிரித்தறிவது?

நான் ஒரு இலக்கண வித்தியாசத்தை வைத்துப் பார்க்கிறேன். ஒப்புக்கொடுத்தல் தன்மையில் மட்டுமே சொல்லக்கூடிய வினை. 'நான் என்னை ஒப்புக்கொடுக்கிறேன்' என்பதற்குப் பொருள் உண்டு. 'நான் உன்னை ஒப்புக்கொடுக்கிறேன்' என்றால் அது பலி. திருவுளத்தை ஏற்கிறேன் என்று ஒரு பெண் தன் நோயைப் பற்றி, தன் இழப்பைப் பற்றிச் சொன்னால் அது அவளுடைய விசுவாசம். அதே வாக்கியத்தை அவளைப் பார்த்து இன்னொருவர் சொன்னால் வினையும் மாறிவிடுகிறது, செய்பவரும் மாறிவிடுகிறார். சொல்பவருக்கு அதில் இழக்க எதுவும் இல்லை என்றால், பெரும்பாலும் லாபமும் அவருக்குத்தான். ஆயர் திருவுளம் என்று சொன்னதில் அவருக்கு ஒரு சபையே கிடைத்திருக்கும். அன்னை திருவுளம் என்று சொன்னதில் நற்கருணை போனது.

இந்த அளவுகோலை ஜவுஹேயின்மீதும் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. மானாவில் அவர் கடவுளோடு தனியாக இல்லை. அங்கே நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். விடுதலைக்கு முன் ஏழாண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கான 1831ஆம் ஆண்டுச் சட்டம். அவர்களுடைய உழைப்பு, வழிபாடு, திருமணம், குடியிருப்பு எல்லாம் அன்னையின் கண்காணிப்பில் அமைந்தன. அந்தக் காலத்து ஐரோப்பியர் பலரைவிட அவர் எவ்வளவோ மேலானவர். ஆனாலும் அவர்களுக்கு எது நல்லது என்பதை அவரே முடிவு செய்தார். தனக்காக ஆயர் முடிவெடுப்பதை ஏற்காத பெண், இன்னொரு இனத்து மக்களுக்காகத் தான் முடிவெடுப்பதில் முரண்பாடு எதையும் காணவில்லை. அவர் தன்மையில் பேசியபோது திருவுளம் அவரை விடுவித்தது. படர்க்கையில் இருந்தவர்களுக்காகப் பேசத் தொடங்கிய இடத்தில், அது காலனிய அரசின் குரலோடு கலந்துவிட்டது. அவர் நிறுவிய சபை நம் ஊர்களுக்கு வந்ததும் அதே காலனியக் கப்பல்களில்தான்.

நற்செய்தி நூல்களை இந்தக் கண்ணோடு வாசித்தால், நமக்குக் கற்பிக்கப்படாத சில விஷயங்கள் தென்படுகின்றன. கெத்செமனேயில் இயேசு ஒரு முறை ஜெபித்து உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார், மறுபடியும் போனார், மூன்றாம் முறையும் போனார். துணைக்கு விழித்திருக்கும்படி நண்பர்களைக் கெஞ்சினார். பெண்களுக்குச் சொல்லப்படும் கெத்செமனேயில் கடைசி வரி மட்டும்தான் இருக்கிறது. மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்னபோது, அவள் முதலில் கேட்டது ஒரு கேள்வி: இது எப்படி ஆகும்? தூதர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, பதில் சொன்னார். அவளுடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தார். அந்தச் சம்மதத்துக்குப் பிறகு அவள் பாடியதாக லூக்கா எழுதும் பாட்டு, வலியவரை ஆசனங்களிலிருந்து இறக்குவதைப் பற்றியது.

எனக்கு மிகவும் பிடித்தவள் சீரோபெனிக்கியப் பெண். மகளுக்கு நோய். குணமாக்கும்படி இயேசுவிடம் வருகிறாள். அவர் மறுக்கிறார், பிள்ளைகளின் அப்பம் நாய்க்குட்டிகளுக்கு இல்லை என்கிற பொருளில் கடுமையாகவே மறுக்கிறார். இதைவிடத் தெளிவான தேவசித்தம் வேறென்ன வேண்டும்? கடவுளின் மகனே வாய் திறந்து இல்லை என்று சொல்லிவிட்டார். அவளோ மேசைக்குக் கீழே விழும் துணிக்கைகளைப் பற்றி ஒரு பதில் சொல்கிறாள். மகள் குணமாகிறாள். மத்தேயு எழுதும்போது, அவளுடைய நம்பிக்கை பெரியது என்று இயேசு பாராட்டியதாகவும் சேர்க்கிறார். எதிர்த்துப் பேசியதைத்தான் அங்கே நம்பிக்கை என்கிறார்கள்.

பாவம் என்றால் அகந்தை, புண்ணியம் என்றால் தன்னை அழித்துக்கொள்ளுதல் என்று காலங்காலமாகப் பிரசங்கிக்கப்பட்டு வந்தது. 1960இல் வாலரி செய்விங் என்ற அமெரிக்கப் பெண், இறையியல் மாணவியாக இருந்தபோது எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கேள்வி கேட்டார். அகந்தை, அதிகார வேட்கை எல்லாம் ஆண்களின் அனுபவத்திலிருந்து பேசப்படும் பாவங்கள். பெண்களின் ஆபத்து பெரும்பாலும் எதிர்த்திசையில், தனக்கென்று ஒரு சுயமே இல்லாமல் சிதறிப்போவதில் இருக்கிறது என்றார். நம் வீடுகளைப் பார்த்தால் இதை விளக்கத் தேவையில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியிருப்பதைத் தின்கிறவளிடம் போய்த் தன்னை வெறுத்தல் பற்றிப் பிரசங்கம் செய்தால், அவளுக்கு அதில் புதிதாக வெறுக்க என்ன மிச்சமிருக்கிறது? ஒப்புக்கொடுக்க வேண்டுமானால் முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். தன் வாழ்வு தன்னுடையது என்று உணராதவள் அதை யாருக்கும், கடவுளுக்கும்கூட, கொடுக்க முடியாது. அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் முடியும்.

ஜவுஹேயின் கதை ஏதோ பிரெஞ்சு நாட்டு அதிசயம் என்று நினைக்க வேண்டாம். பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் இருந்தபோது, அவர் ஆண் மாணவர்களுக்குப் பாடம் சொல்லக் கூடாது என்று ஆயர்கள் தடை சொன்னார்கள். அவருடைய ஆன்மிகத் தாயாக இருந்த அருட்சகோதரி ஜெரால்டின், அதிகாரத்துக்குப் பணியச் சொல்லி எழுதினார். ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தடியிலிருந்து இப்போதுதான் கழுத்தை எடுத்திருக்கிறேன், இன்னொன்றை மாட்டிக்கொள்ளச் சொல்லாதீர்கள் என்ற பொருளில் ரமாபாய் பதில் எழுதினார். அந்த ரமாபாய்தான் பின்னாளில் கேட்காவில் முக்தி இல்லத்தை நடத்தினார். நாளைய அரிசிக்குக்கூடக் கடவுளை நம்பினார். ஆயர்களுக்குப் பணியாத கழுத்தும், கடவுளை முற்றிலும் நம்பிய மனமும் ஒரே பெண்ணுடையவை.

தமிழில் நமக்கு பாமா இருக்கிறார். தலித் பிள்ளைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே வசதியானவர்களின் பிள்ளைகளுக்கே எல்லாம் நடப்பதையும் சாதி உள்ளேயே உட்கார்ந்திருப்பதையும் கண்டு, ஏழாண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தவர். 1992இல் வெளியான 'கருக்கு' அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. பணிவு, பொறுமை, கீழ்ப்படிதல் ஆகியவற்றின் கடவுளை மட்டும் தலித்துகளுக்குக் காட்டி, நீதிக்காகக் கோபப்பட்ட இயேசுவை மறைத்துவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஜவுஹே உள்ளே நின்று போராடினார், பாமா வெளியே வந்து எழுதினார். இரண்டில் எது திருவுளம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அவரவர் வாழ்க்கையைப் பற்றி அவரவர் தன்மையில் சொன்ன பதில்கள் அவை.

மறுபடி ஏற்காட்டுக்கு வருவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே காப்பிச் செடிகள். கவாத்து, களை, உரம் என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகும், மார்ச் ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் மொட்டு பூவாகும். அந்த மழையை யாரும் வரவழைக்க முடியாது. அண்ணாந்து பார்த்துக் காத்திருப்பதைத் தவிர முதலாளிக்கும் வழியில்லை, பழம் பறிக்கும் பெண்ணுக்கும் வழியில்லை. செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, நம் கையில் இல்லாததைக் கடவுள் கையில் விடுவது என்றால் இதுதான். அதில் அவமானம் எதுவும் இல்லை.

ஆனால் மழை வராதது வேறு, கூலி வராதது வேறு. மழைக்குக் காத்திருக்கலாம், கூலியைக் கேட்டு வாங்க வேண்டும். எஸ்டேட்டில் வீடு, மருத்துவம், குழந்தைகளுக்குக் காப்பகம் எல்லாம் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்த பிறகுதான் உரிமைகளாயின. அதற்கு முன்பு, மரத்தடியில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுப் போனவளுக்கு அது தலைவிதி என்று சொல்லப்பட்டிருக்கும். இந்திய விவாகரத்துச் சட்டம் 1869இலிருந்து 2001இல் திருத்தப்படும்வரை, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் சோரத்தை மட்டும் காட்டினால் விவாகரத்து கிடைக்கும். மனைவியோ பொதுவாகச் சோரத்தோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 132 ஆண்டுகள், அடி மட்டும் போதுமான காரணமாக இல்லை. அந்த ஆண்டுகளில் எத்தனை பெண்களிடம் இதுவே தேவசித்தம் என்று சொல்லியிருப்பார்கள்! நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியதால் கடவுளின் சித்தம் மாறிவிட்டதா? சித்தம் என்று சொல்லப்பட்டது வெறும் சட்டம்தான் என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

மழையையும் கூலியையும் பிரித்தறிவது எப்போதும் எளிதல்ல. புற்றுநோய் மழையின் பக்கம் என்று தோன்றும். ஆனால் மார்பில் கட்டி இருப்பதை வெட்கத்தில் மறைத்து வைக்கும்படி வளர்க்கப்பட்டது கூலியின் பக்கம். குழந்தையின் சாவு மழையாக இருக்கலாம்; மலைக் கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் வர வழியில்லாதது மழையல்ல. ஆகவே ஒவ்வொரு முறையும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது: இதில் மனிதர் செய்தது எவ்வளவு? மாற்றக்கூடியது எவ்வளவு? இதைக் கடவுள் சித்தம் என்று சொன்னால் யாருக்கு வசதி? இந்தக் கேள்விகள் விசுவாசக் குறைவு ஆகா. மரியாளும் அந்தத் தாயும் கேட்டவற்றின் தொடர்ச்சி இவை.

எல்லாவற்றையும் கேட்டு, செய்யவேண்டியதைச் செய்து, வாதாடி, வழக்கு நடத்தி, மருத்துவம் பார்த்த பிறகும் மிஞ்சுகிற ஒன்று இருக்கிறது. திரும்பி வராத பிள்ளை. தீராத நோய். வயோதிகம். நம் எல்லாருக்குமே வரப்போகிற மரணம். அங்கே, எந்தச் சட்டமும் இயக்கமும் உடன் வர முடியாத இடத்தில், ஒரு பெண் தன் கையை விரித்து, இனி உம்முடையது என்று சொன்னால், அவளை ஏமாந்தவள் என்று நினைக்கிற உரிமை பெண்ணியத்துக்கு இல்லை. அவள் சார்பில் பேசுவதும் இன்னொரு வகையில் ஆயர் வேலைதான். அவள் அந்த வார்த்தையைத் தானே கண்டடைந்திருக்கிறாள் என்றால், அது அவளுடைய பலம்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறவளிடம், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து நிற்கிறவளிடம், அந்த வார்த்தையை நாம் முந்திக்கொண்டு சொல்லாமல் இருக்கலாம். முதல் பெண்ணுக்குத் தங்க ஓர் இடமும், காவல் நிலையத்துக்கு உடன் வர ஒருவரும் வேண்டும். இரண்டாவது பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். கெத்செமனேயில் இயேசு நண்பர்களிடம் கேட்டதும் இவ்வளவுதான், விழித்திரு என்று. அவர்களோ தூங்கிவிட்டார்கள்.